பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேசட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையில் முக்கால் பங்கு கணினிக்கு வெளியேதான் நடக்கிறது. டேப் ஓடும்போது அதைப் படிக்கும் ஹெட் எடுக்கத் தவறிய ஒலியை எந்த மென்பொருளும் பிறகு வரவழைத்துவிடாது. அதனால் கீழே ஸ்க்ரூ டிரைவரும் பஞ்சும் முதலில் வரும், மென்பொருள் பிறகுதான்.

கேசட் பெட்டி பெட்டியாக இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

வேறெங்கும் கிடைக்காததிலிருந்து. வீட்டுப் பேச்சு, நேர்காணல், ஒத்திகை, வகுப்பு, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது, இவற்றுக்கு உலகத்தில் இன்னொரு பிரதி கிடையாது. கடையில் வாங்கிய பாட்டு கேசட்டுகளை ஒதுக்கி வையுங்கள். அவற்றில் பெரும்பாலானவை குறுந்தகட்டிலோ இணையத்திலோ இதைவிட நல்ல தரத்தில் கிடைக்கும். கிடைக்காதவற்றை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் முதன்முதலில் கை வைப்பது அருமையான கேசட்டாக இருக்கக் கூடாது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய இரண்டு மூன்றில் பழகிவிட்டுப் பிறகு தொடுங்கள்.

நேரக் கணக்கையும் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சி-60 ஓட ஒரு மணி நேரம், சி-90 ஓட ஒன்றரை மணி நேரம் ஆகும். சுத்தம் செய்ய, ஹெட்டைச் சரிசெய்ய, வெட்டிப் பெயரிட என்று ஒவ்வொன்றுக்கும் இன்னொரு அரை மணி. இரட்டை வேகத்தில் ஓட்டிப் பதிந்து கணினியில் பாதியாகக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். டெக்கின் ஈக்வலைசேஷனும், இரைச்சலைக் குறைக்கும் டால்பி அமைப்பும் அந்த வேகத்துக்கு ஒத்துவராது, கீச்சொலிகள் (உயர் அதிர்வெண் ஒலிகள்) போய்விடும். அந்த வழி வேண்டாம்.

என்னென்ன பொருள் வேண்டும்?

லைன்-அவுட் (ஒலியை வேறு சாதனத்துக்கு அனுப்பும் துளை) உள்ள ஒரு கேசட் டெக். அதிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ கேபிள். ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, அல்லது பின்னால் நீல நிற லைன்-இன் உள்ள மேசைக் கணினி. ஒரு ஹெட்போன். ஆடாசிட்டி போன்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள். இவற்றோடு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், சிறிய பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர். ஸ்க்ரூ டிரைவரின் முனை காந்தமேறாததாக இருக்கட்டும். அதைக் கொண்டுபோய் ஹெட்டின் அருகில்தான் வைக்கப்போகிறோம்.

கணினியில் நேராகச் செருகும் யூஎஸ்பி கேசட் பிளேயர் வாங்கினால் போதாதா?

பேச்சு மட்டும் உள்ள, என்ன சொன்னார் என்று தெரிந்தால் போதும் என்ற கேசட்டுக்குப் போதும். மற்றவற்றுக்கு வேண்டாம். மலிவான யூஎஸ்பி பிளேயர்களில், வேகத்தைச் சீராக வைக்கும் சக்கரமான ஃப்ளைவீல் இலேசாக இருக்கும். வேகம் நிலையாக நிற்காமல் குரல் நடுங்கும். டால்பி இருக்காது. பதிவு அளவைக் கூட்டக் குறைக்க வழி இல்லாதவையும் உண்டு. ஹெட் கோணமும் பலவற்றில் சரியாக இருப்பதில்லை.

நல்ல நிலையில் உள்ள பழைய டெக் இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். தேர்ந்தெடுக்கும்போது ஒற்றை கேசட் டெக்கைப் பாருங்கள். ஆட்டோ ரிவர்ஸ் இல்லாதது மேல். ஆட்டோ ரிவர்ஸில் டேப் இரண்டு திசையிலும் ஓடும், ஒவ்வொரு திசைக்கும் ஹெட் கோணம் வேறாக அமையும். சில டெக்குகளில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். அப்படிப்பட்ட டெக்தான் கையில் இருக்கிறது என்றால், ஒரே திசையில் மட்டும் ஓட்டி, கேசட்டைக் கையால் திருப்பிப் போடுங்கள்.

வாக்மேனிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம். ஹெட்போன் துளையிலிருந்து லைன்-இன்னுக்குக் கொடுங்கள். வால்யூம் பாதியளவில் இருக்கட்டும், பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் அணைந்திருக்கட்டும். அடாப்டரைத் தவிர்த்துப் புதிய பேட்டரி போடுங்கள். ‘ம்ம்ம்’ என்ற ஹம் வராது, வேகமும் தளராது.

டெக்கை எப்படிச் சுத்தம் செய்வது?

கதவைத் திறந்தால் டேப் உரசிப் போகும் மூன்று இடங்கள் தெரியும்: பளபளப்பான ஹெட், அதன் பக்கத்தில் ஊசிபோல நிற்கும் கேப்ஸ்டன் தண்டு, அதை அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர். பஞ்சை ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்துவிட்டு ஹெட்டைத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பாக ஏறுவது டேப்பிலிருந்து உதிர்ந்த காந்தப் பொடி. பழுப்பு வராத வரை பஞ்சை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். கேப்ஸ்டனில் வளையம்போல ஒட்டியிருக்கும் அழுக்கை விட்டுவிடாதீர்கள். அங்கே ஒரு மயிரிழை தடிப்பு ஏறினாலும் வேகம் மாறும்.

பிஞ்ச் ரோலரை இலேசாகத் துடைத்து உடனே உலரவிடுங்கள். ரப்பர் கண்ணாடிபோல மினுமினுத்து இறுகிப் போயிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். இறுகிய ரோலர் டேப்பைச் சரியாகப் பிடிக்காது. டேப் வழுக்கி ரோலரில் சுற்றிக்கொள்வதற்கு, அதாவது ‘கேசட்டை மெஷின் தின்றுவிட்டது’ என்று சொல்வதற்கு, முக்கியக் காரணங்களில் இது ஒன்று. எடுத்துக்கொள்ளும் ரீல் சுற்றாமல் நிற்பது இன்னொன்று. அது பெரும்பாலும் பெல்ட் தளர்ந்ததால் வருவது.

சுமார் 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். பொடி உதிர்க்கும் கேசட் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை. சொரசொரப்பான நாடா கொண்ட ‘ஹெட் க்ளீனர்’ கேசட்டுகள் ஹெட்டைத் தேய்த்துவிடும், தவிர்க்கலாம்.

மோட்டார் ஓடுகிறது, கேசட் சுற்றவில்லை. டெக் போய்விட்டதா?

அனேகமாக பெல்ட். பல ஆண்டு சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட் நீண்டு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் உருகித் தார்போல ஆகியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, கப்பிகளில் ஒட்டியதை ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்துவிட்டு, அதே குறுக்குவெட்டும் பழையதைவிடச் சற்றே குறைந்த சுற்றளவும் உள்ள பெல்ட்டைப் போடுங்கள். சாதாரண ரப்பர் பேண்ட் போட்டால் சுற்றும். ஆனால் குரல் அலைபாயும்.

கேசட்டை அப்படியே போட்டு ஓட்டலாமா?

கூடாது. முதலில் மேல்விளிம்பில் இருக்கும் பதிவுத் தடுப்புப் பற்களை உடையுங்கள். எந்தப் பக்கம் உங்களைப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துக்கான பல், திறந்த வாய் கீழே இருக்கும்படி பிடித்தால் மேலே இடது ஓரத்தில் இருக்கும். இதைச் செய்தபின் தவறிப்போய் ரெக்கார்டை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது.

அடுத்து ஜன்னல் வழியே நாடாச் சுற்றைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. திறந்த வாயின் நடுவே சிறிய செப்புத் தகட்டில் ஒட்டிய கம்பளித் துண்டு இருக்கிறதா பாருங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். அது விழுந்திருந்தால் ஒலி மங்கி, ஏறி இறங்கி வரும்.

எல்லாம் சரியாக இருந்தால், அறுகோணப் பென்சிலைச் சக்கரத்தில் விட்டுத் தொய்வைச் சுற்றி எடுங்கள். பிறகு ஒருமுறை கடைசி வரை ஃபார்வர்ட், ஒருமுறை முழு ரீவைண்ட். வருடக்கணக்கில் ஒரே சுற்றில் ஒட்டிக் கிடந்த நாடா இளகும், இழுவிசை சீராகும். சுற்றும்போது முனகினாலோ நின்று நின்று போனாலோ நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த கேசட்டை ஒரு நாள் அறை வெப்பத்தில் வைத்திருந்துவிட்டுத் தொடுவது நல்லது; உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளாது.

ஒலி கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல மங்கலாக இருக்கிறது. டேப் பழசாகிவிட்டதா?

ஹெட் சுத்தமாக இருந்தும் மங்கலாக இருந்தால், டேப்பைக் குறை சொல்வதற்கு முன் அசிமுத்தை, அதாவது டேப்புக்கு ஹெட் நிற்கும் கோணத்தை, பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஹெட்டின் நடுவே மிக மெல்லிய செங்குத்துப் பிளவு இருக்கிறது. அது டேப் ஓடும் திசைக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அப்படியென்றால் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை டேப்பில் பிடிக்கும் நீளம் வெறும் 4.76 மைக்ரோமீட்டர். ஸ்டீரியோவில் ஒரு சேனலின் தடம் சுமார் 0.6 மில்லிமீட்டர் அகலம். ஹெட் கால் டிகிரி சாய்ந்தால் தடத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 2.6 மைக்ரோமீட்டர் இடைவெளி விழும். அது பாதி அலைக்கும் மேல். மேலே முகடு வரும்போது கீழே பள்ளம் வருகிறது, ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. கணக்குப்படி அந்த ஒலியில் 5 டெசிபல் அளவுக்குப் போய்விடும். சாய்வு அரை டிகிரியை நெருங்கினால் 10,000 ஹெர்ட்ஸ் அடியோடு காணாமல் போகும். கேசட்டைப் பதிந்த இயந்திரமும் உங்கள் டெக்கும் எதிரெதிர்த் திசையில் ஆளுக்குக் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே இந்த நிலை வந்துவிடும்.

சரி, அசிமுத்தை எப்படித் திருத்துவது?

ஹெட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூ இருக்கும். அடியில் சிறு ஸ்பிரிங் உள்ளது, அல்லது மேலே பெயின்ட் சொட்டு வைத்துப் பூட்டியது, அசிமுத் ஸ்க்ரூ. பல டெக்குகளில் கதவின் முன்மூடியைக் கழற்றினால் ப்ளே ஓடும்போதே ஸ்க்ரூ டிரைவர் எட்டும். சிலவற்றில் அதற்கென்றே சிறு துளை உண்டு.

முதலில் ஸ்க்ரூவின் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். டால்பியை அணையுங்கள். கணினி வழியாக ஹெட்போனில் கேளுங்கள்; கணினியின் அணுகல்தன்மை அமைப்புகளில் இருக்கும் ‘மோனோ ஆடியோ’வை இயக்குங்கள். இரண்டு சேனலும் ஒன்றாகக் கலக்கும்போது கோணப் பிழை பல மடங்கு பெரிதாகத் தெரியும், அதற்காகத்தான். இப்போது ப்ளே போட்டு, ஸ்க்ரூவை மிக மெல்லத் திருப்புங்கள். எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் எந்தப் பக்கமும் போக வேண்டியிருக்காது. பேச்சில் ‘ஸ’, ‘ஷ’ ஓசைகள், இசையில் ஜால்ரா, தம்புராவின் ரீங்காரம், இவை எங்கே கூர்மையாகத் திறந்துகொள்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்தைத் தாண்டிப் போய் மறுபடி மங்குவதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் உச்சம் எங்கே என்று சந்தேகமில்லாமல் தெரியும்.

டேப்பின் ‘உஸ்ஸ்’ இரைச்சலை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது ஒழுங்கற்ற இரைச்சல்; அசிமுத் மாறினாலும் பெரிதாக மாறாது. கேட்க வேண்டியது பதிவான ஒலியை. முடிந்ததும் மோனோவை அணைத்துவிட்டுப் பதியுங்கள்.

ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே கேசட்டின் ஏ, பி பக்கங்களே மாறுபடும். டெக்கின் கோணம் பதிந்த இயந்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ‘சரியான’ தொழிற்சாலைக் கோணம் இங்கே உதவாது. எல்லாம் முடிந்தபின் மார்க்கர் குறிக்குத் திரும்பிவிடுங்கள்.

டால்பியைப் போடுவதா, அணைப்பதா?

டால்பி-பி பதிவின்போது மெல்லிய கீச்சொலிகளைத் தூக்கிவைத்து, ஓட்டும்போது அதே அளவு இறக்கும். இறக்கும்போது கூடவே டேப் இரைச்சலும் சுமார் 10 டெசிபல் இறங்கிவிடும். டால்பி-சி-யில் இது 20 டெசிபல் வரை. எனவே எதில் பதிந்ததோ அதில்தான் ஓட்ட வேண்டும். அட்டையில் இரட்டை ‘டி’ சின்னம் மட்டும் இருந்தால் அனேகமாக டால்பி-பி. கைக்கு அடக்கமான ரெக்கார்டரில் பதிந்த வீட்டு கேசட் என்றால் பெரும்பாலும் டால்பி கிடையாது.

குறிப்பு எதுவும் இல்லையென்றால் காதுதான். டால்பி போட்டதும் ஒலி மங்கி, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் மூச்சு வாங்குவதுபோல இரைச்சல் ஏறி இறங்கினால் அணையுங்கள். ஆனால் வரிசை முக்கியம்: அசிமுத் முதலில், டால்பி பிறகு. கோணம் தவறியதால் கீச்சொலி குறைந்த நிலையில் டால்பியைப் போட்டால் அது ‘இது மெல்லிய ஒலி’ என்று எண்ணி மேலும் அமுக்கும். டால்பியே ஒத்துவரவில்லை என்று பலர் முடிவு கட்டுவது இதனால்தான்.

டெக்கில் டால்பி இல்லை, கேசட்டில் இருக்கிறது என்றால் அப்படியே பதிந்து வையுங்கள். கேட்பதற்கான பிரதியில் மட்டும் கீச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அது சரியான தீர்வு அல்ல. டால்பி ஒலியின் அளவுக்கேற்ப வெவ்வேறாக வேலை செய்கிறது. ஈக்வலைசருக்கு அது தெரியாது.

டைப்-1, டைப்-2 சுவிட்ச்?

இது கீச்சொலியின் அளவைத் தீர்மானிக்கும் ஈக்வலைசேஷன் சுவிட்ச். சாதாரண ஃபெரிக் நாடாவுக்கு (டைப்-1) 120 மைக்ரோவினாடி என்ற அமைப்பு, குரோம் (டைப்-2), மெட்டல் நாடாக்களுக்கு 70. தவறாகப் போட்டால் கீச்சொலியில் 4 அல்லது 5 டெசிபல் மாறும். டால்பிபோல அல்லாமல் இது நிலையான வித்தியாசம் என்பதால் பிறகு ஈக்வலைசரில் திருத்திவிடலாம். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

லேப்டாப்பில் மைக் துளை இருக்கிறதே, அதிலேயே செருகினால் என்ன?

டெக்கின் லைன்-அவுட் கால் வோல்ட்டுக்கு மேலே கொடுக்கும். மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். அளவை எவ்வளவு குறைத்தாலும், அதற்கு முன்னாலேயே உள்ளே இருக்கும் பெருக்கி நிரம்பி வழிந்துவிடும். மீட்டர் பச்சையில் நிற்கும், ஒலி மட்டும் கரகரவென்று உடைந்து வரும். மேலும், இன்றைய லேப்டாப்களில் இருக்கும் ஒற்றைத் துளை ஹெட்செட்டுக்கானது. அதன் மைக் மோனோ.

விரல் நீளமே உள்ள மலிவு யூஎஸ்பி சவுண்ட் கார்டுகளிலும் பெரும்பாலும் மோனோ மைக் துளைதான். இரண்டு ஆர்சிஏ துளைகளும் ‘லைன்-இன்’ என்ற எழுத்தும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சரியான இன்டர்ஃபேஸைச் செருகியும் விண்டோஸ் அதை ‘மைக்ரோஃபோன்’ என்று காட்டுவதுண்டு. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். சேனல் எண்ணிக்கை 2 என்று இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

மென்பொருளில் என்ன அமைப்பு வைப்பது?

ஆடாசிட்டியில் பதிவுச் சாதனமாக உங்கள் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, 2 சேனல், 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். ஒலிப்பதிவுக் காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐஏஎஸ்ஏ பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்தான். இன்டர்ஃபேஸ் 16 பிட் மட்டும் என்றால் அதற்காகப் புதிது வாங்க வேண்டியதில்லை. கேசட்டின் இரைச்சலே 16 பிட்டின் இரைச்சலைவிட எவ்வளவோ மேலே இருக்கிறது.

விண்டோஸில் அந்தச் சாதனத்தின் பண்புகளுக்குப் போய் ‘ஆடியோ மேம்பாடுகள்’ எல்லாவற்றையும் அணையுங்கள். இரைச்சல் நீக்கம், தானியங்கி அளவுக் கட்டுப்பாடு ஆகியவை வீடியோ அழைப்புக்கானவை. பாட்டின் நடுவே தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். அறிவிப்பு ஒலிகளையும் தூக்க நிலையையும் அணைத்து வையுங்கள்.

கேசட்டில் மிக உரத்த இடத்தைத் தேடி ஓட்டி, மீட்டர் உச்சம் -10 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கும்படி பதிவு அளவை வையுங்கள். குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். 0-வைத் தொட்டு வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

முதலில் கணினியில் ரெக்கார்ட், பிறகு டெக்கில் ப்ளே. ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக, நடுவில் நிறுத்தாமல் எடுங்கள். பாட்டுப் பாட்டாக நிறுத்தி நிறுத்தி எடுத்தால் தொடக்கங்கள் நறுக்கப்படும்.

எந்தக் கோப்பு வடிவம்? எவ்வளவு இடம் பிடிக்கும்?

மூலப்பிரதி வேவ் அல்லது ஃப்ளாக். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு 17.3 மெகாபைட், சி-60 ஒன்றுக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட். ஃப்ளாக் எதையும் இழக்காமல் அதைக் கணிசமாகச் சுருக்கும். பகிர்வதற்கு 192 கிலோபிட் எம்பி3 போதும். ஒரு மணி நேரம் 86 மெகாபைட். எம்பி3-யை மட்டும் வைத்துக்கொண்டு வேவை அழித்துவிடாதீர்கள். நாளை இரைச்சல் நீக்க உட்காரும்போது மூலம் வேண்டும்.

குரல் கீச்சென்று வேகமாக வருகிறது. சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்டரி தளர்ந்த ரெக்கார்டரில் பதிந்தால் அது மெதுவாக ஓடியிருக்கும். சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் உயர்ந்து கேட்கும். பக்கத்தின் முடிவை நோக்கிப் போகப் போக இன்னும் உயரும்.

பதிவு மின்சாரத்தில் ஓடிய ரெக்கார்டரில் எடுக்கப்பட்டிருந்தால் அதற்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: மின்வழி ஹம். பதிந்த நாட்டைப் பொறுத்து அது 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். பேச்சில்லாத இடத்தைத் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டியின் நிறமாலை வரைபடத்தை அளவு 65,536 வைத்துப் பாருங்கள். 50-ஐப் பார்ப்பதைவிட அதன் மும்மடங்கான 150-ஐப் பார்ப்பது துல்லியம். அங்கே முனை 154.5-இல் நின்றால் டேப் 3 சதவீதம் வேகம். வேகத்தை 150-ஐ 154.5-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 0.971 மடங்காக மாற்றுங்கள். ‘வேகம்’ என்ற கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும், அல்லது தாளகதியை மட்டும் மாற்றும் கருவிகள் அல்ல.

ஒரு எச்சரிக்கை. அந்த ஹம் டேப்பில் இருப்பதா, உங்கள் இன்றைய இணைப்பில் வருவதா? டேப்பை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியும் ஹம் இருந்தால் அது உங்களுடையது, அளவுகோலாகாது.

என் இணைப்பில்தான் ஹம் வருகிறது. எப்படி நீக்குவது?

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பல நேரம் அத்தோடு தீரும். தீராவிட்டால் டெக்கையும் கணினியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள், ஆர்சிஏ கேபிளை மின்கம்பிகளிலிருந்து விலக்குங்கள். டிவி கேபிள் இணைந்த ஆம்ப்ளிஃபயர் நடுவில் இருந்தால் அதைத் தவிர்த்து டெக்கை நேராக இணையுங்கள்.

‘உஸ்ஸ்’ இரைச்சலை முழுக்க நீக்க முடியுமா?

முடியும், குரலும் கூடவே போகும். இரைச்சல் குறைப்பை 6 முதல் 9 டெசிபலுக்குள் வையுங்கள். அதற்கு மேல் போனால் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல குமிழ் குமிழாகக் கேட்கும்.

மென்பொருளுக்கு வெறும் இரைச்சலின் மாதிரியைக் காட்ட வேண்டும்; அந்த மாதிரி எடுக்கும் இடத்தில்தான் பலர் தவறுவது. கேசட்டின் தொடக்கத்தில் சில நொடி வரும் லீடர் வெறும் பிளாஸ்டிக். அதில் காந்தப் பூச்சே இல்லை. அங்கே எடுத்தால் டெக்கின் இரைச்சல் மட்டும் பதிவாகும், டேப்பின் இரைச்சல் இருக்காது. பதிவு ஓடிக்கொண்டிருந்தும் யாரும் பேசாத ஒரு நொடியைத் தேடி எடுங்கள்.

வரிசை: வேகம், இரைச்சல் குறைப்பு, ஈக்வலைசர், கடைசியில் உச்சத்தை -1 டெசிபலுக்கு உயர்த்துவது. எல்லாம் நகலில், மூலக் கோப்பைத் தொட வேண்டாம்.

மோனோ பதிவு. இரண்டு சேனலையும் கலப்பதா, ஒன்றை எடுப்பதா?

அசிமுத் சரியாக இருந்தால் கலக்கலாம், இரைச்சல் கொஞ்சம் குறையும். கலந்ததும் மங்கினால் கோணம் தவறியிருக்கிறது. தெளிவாக உள்ள ஒன்றை மட்டும் வையுங்கள்.

பின்னணியில் யாரோ தலைகீழாகப் பேசுகிறார்கள்!

மறுபக்கத்தின் தடத்தை ஹெட் உரசுகிறது. ஹெட்டின் உயரம் மாறியிருக்கும், அல்லது பதிந்த இயந்திரத்திலேயே அப்படி இருந்திருக்கும். அதே போல, பாட்டு தொடங்கும் முன்பே அதன் மெல்லிய நிழல் கேட்டால் அது சுற்றில் அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றிலொன்று காந்தமேறியது. சி-90, சி-120 போன்ற மெல்லிய நாடாக்களில் அதிகம். பதிவதற்கு முன் சில முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றினால் ஓரளவு குறையும்.

டேப் அறுந்துவிட்டது. ஒட்டலாமா?

ஒட்டலாம், செல்லோ டேப்பால் மட்டும் வேண்டாம். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டும், பிறகு ஹெட்டில் அப்பும். 3.81 மில்லிமீட்டர் அகல ஸ்ப்ளைசிங் டேப் தனியாகக் கிடைக்கிறது.

ஐந்து ஸ்க்ரூ உள்ள கூடு என்றால் படுக்கவைத்துக் கழற்றி, மேல் மூடியை நேராகத் தூக்குங்கள். மூடியைத் தூக்கிய உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உருளைகள், வழவழப்புத் தாள், கம்பளித் தகடு எது எங்கே என்று பிறகு நினைவிருக்காது. அறுந்த இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து 45 டிகிரியில் ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஏறிக்கொள்ளாமல் முனையோடு முனை சேர்த்து வையுங்கள். கூட்டில் வெளிப்புறம் பார்ப்பது பதிவு முகம்; ஒட்டு உட்புற முகத்தில் வர வேண்டும். நகத்தால் அழுத்தி, வெளியே நீட்டியதை நறுக்கிவிடுங்கள்.

ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டி மூடிய கூடு என்றால் விளிம்பில் மெல்லிய கத்தியை விட்டு நெம்பிப் பிளந்து, நாடாவை ஸ்க்ரூ உள்ள வேறொரு காலிக் கூட்டுக்கு மாற்றுங்கள். ஓடும்போது கிறீச்சிடும் கேசட்டுக்கும், கம்பளி விழுந்த கேசட்டுக்கும் இந்தக் கூடு மாற்றமே நல்ல மருந்து.

பூஞ்சை பிடித்த கேசட்?

ஓட்டாதீர்கள். ஒரே ஓட்டத்தில் டெக் முழுவதும் பரவி, அடுத்து போடும் ஒவ்வொன்றுக்கும் தொற்றும்; மூச்சுக்கும் ஆகாது. உறையில் தனியாகப் போட்டு, உலர்ந்த இடத்தில் வையுங்கள். அருமையான பதிவு என்றால் தொழில்முறை மீட்பாளரிடம் கொடுங்கள். டேப்பைச் சூடுபடுத்தி மீட்கும் முறை என்று படித்திருப்பீர்கள். அது பெரும்பாலும் 1970, 80-களின் சில ஸ்டுடியோ ரீல் நாடாக்களுக்கானது. பூஞ்சைக்கு அல்ல, சமையலறை ஓவனிலும் அல்ல.

கோப்புகளுக்கு எப்படிப் பெயரிடுவது?

ஆண்டு முன்னால்: 1987-03, யார், என்ன, பக்கம் ஏ. தேதி தெரியாவிட்டால் ஆண்டு மட்டும். அட்டையின் இரு பக்கத்தையும் கேசட்டின் முகத்தையும் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். அதிலிருக்கும் கையெழுத்தும் ஒரு தகவல்தான். எந்த டெக், டால்பி இருந்ததா, வேகம் மாற்றினீர்களா என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பக்கம் முழுவதும் ஒரே கோப்பாக இருக்கும் மூலத்தை வெட்டாமல், நகலில் லேபிள் வைத்துப் பகுதிகளாக ஏற்றுமதி செய்யுங்கள். ஆடாசிட்டியில் கண்ட்ரோலும் ‘பி’யும் அழுத்தினால் லேபிள் விழும்.

குரல்களை அடையாளம் காட்டக்கூடிய மூத்தவர்கள் இருந்தால் முதல் எம்பி3-யை அவர்களுக்கு அனுப்புங்கள். இது மட்டும் தள்ளிப்போடக் கூடாத வேலை.

மாற்றியாயிற்று. கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கோப்பை முழுக்கக் கேட்டுப் பார்க்கும் வரை கண்டிப்பாகக் கூடாது. கேட்ட பிறகும், இடம் இருந்தால் வைத்திருங்கள். முழுக்கச் சுற்றி, பெட்டியில் போட்டு, புத்தகம்போல நிமிர்த்தி, வெயிலும் ஈரமும் இல்லாத இடத்தில், ஸ்பீக்கரின் காந்தத்திலிருந்து தள்ளி. கோப்புகளுக்கு மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறொரு வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று.

நேரமில்லை, வெளியே கொடுத்து மாற்றிக்கொள்கிறேன். என்ன கேட்க வேண்டும்?

ஒவ்வொரு கேசட்டுக்கும் அசிமுத் திருத்துவார்களா என்று முதலில் கேளுங்கள். அந்தச் சொல் தெரியவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். இரைச்சல் நீக்காத வேவ் மூலத்தையும் தருவார்களா, அதிவேகத்தில் நகலெடுப்பார்களா, அறுந்தால் யார் ஒட்டுவது, கேசட்டுகள் திரும்பி வருமா என்று கேளுங்கள். பத்தையும் ஒன்றாகக் கொடுக்காமல், முக்கியமில்லாத ஒன்றைக் கொடுத்து வாங்கி, ‘ஸ’ ஓசை எப்படி வந்திருக்கிறது என்று ஹெட்போனில் கேட்டுவிட்டு மற்றதைக் கொடுங்கள்.